ஏழை நோயாளி டெண்டர் பொருள் அல்ல!

ஆந்திராவில் கட்டப்பட்டுவரும் 10 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளை பி.பி.பி. எனும் அரசு–தனியார் கூட்டு முறையில் நடத்துவதென சந்திரபாபு நாயுடு அரசின் அமைச்சரவை 2025 செப்டம்பரில் முடிவெடுத்தது. முதல் கட்டமாக டெண்டருக்கு வந்த நான்கில் அதோனி, மார்க்காபுரம், புலிவெந்துலாவுடன் பழைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளியும் ஒன்று. மக்கள் நிலம் ஏக்கருக்கு 100 ரூபாய் குத்தகைக்கு. காலம் 33 ஆண்டுகள். வேண்டுமானால் மேலும் 33 ஆண்டுகள். இது தனியார்மயம் அல்ல, உரிமை அரசிடமே இருக்கும் என்கிறார் முதலமைச்சர். இந்த வாதத்தின் உண்மை முகத்தைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. சித்தூரே போதும்.

ஒரு மருத்துவக் கல்லூரியைத் தொடங்கக் கட்டிடமும் ஆசிரியர்களும் மட்டும் போதாது. நோயாளிகள் வந்துபோகும் மருத்துவமனை வேண்டும். 2016ல் அப்பல்லோ குழுமம் 150 இடங்களுடன் சித்தூரில் கல்லூரி தொடங்கியபோது, அத்தகைய மருத்துவமனையாக அமைந்தது சித்தூர் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை. அன்றும் ஆட்சியில் இருந்தவர் இதே சந்திரபாபு நாயுடுதான்.

இதில் அரசு கொடுத்தது என்ன? கட்டிடத்தை மட்டுமல்ல. கருவியைப் பணம் கொடுத்து வாங்கலாம். பேராசிரியரைச் சம்பளம் கொடுத்து அமர்த்தலாம். பல பத்தாண்டுகளாக அரசு மருத்துவமனையை நம்பி வரும் விவசாயத் தொழிலாளியையும், பிரசவத்திற்கு வரும் ஏழைத் தாயையும் எந்த முதலாளியாலும் விலைக்கு வாங்க முடியாது. அவர்களைத்தான் அரசு பெற்றுத் தந்தது. ஏழையின் நோய் தனியார் கல்லூரியின் மூலதனமாயிற்று. அந்த ஏழையின் மகள் அதே கல்லூரியில் கட்டணம் செலுத்திப் படிக்க முடியுமா என்ற கேள்விக்கு அரசிடம் பதில் இல்லை. ‘உரிமை அரசிடமே’ என்பதன் பொருள் இதுதான்: பத்திரம் அரசிடம், பலன் தனியாரிடம்.

சித்தூர் தனி நிகழ்வல்ல. மாவட்ட மருத்துவமனைகளைத் தனியார் மருத்துவக் கல்லூரிகளுடன் இணைக்கும் வரைவுத் திட்டத்தை 2020 ஜனவரியில் நிதி ஆயோக் வெளியிட்டது. ஒப்பந்தக் காலம் 60 ஆண்டுகள். படுக்கைகள் இரு வகை: ஒழுங்குமுறைக்கு உட்பட்டவை, சந்தை விலைக்கு உரியவை. ஒரே கூரையின் கீழ் இரண்டு குடிமக்கள்! குஜராத்தின் புஜ் நகரில், 2001 நிலநடுக்கத்திற்குப் பின் மக்கள் பணத்தில் எழுப்பப்பட்ட அரசு மருத்துவமனை அதானி குழுமத்திடம் போனது. ஐந்து ஆண்டுகளில் அங்கு 1,018 குழந்தைகள் இறந்ததாக 2019ல் மாநில சட்டமன்றத்திலேயே அரசு தெரிவித்தது. சிகிச்சையில் குறையில்லை என்றும் சேர்த்துச் சொன்னது.

டெண்டர் ஆட்சியில் பொறுப்பு யாருடையது? திருப்பதியைப் பார்ப்போம். 2021 மே 10 இரவு ரூயா அரசு மருத்துவமனைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வரவேண்டிய ஆக்சிஜன் டேங்கர் தாமதமானது, அழுத்தம் குறைந்தது, 11 பேர் மாண்டதாக மாவட்ட நிர்வாகமே அறிவித்தது. மறு ஆண்டு ஏப்ரலில், அதே மருத்துவமனையில் இறந்த மகனின் உடலை ஒரு தந்தை மோட்டார் சைக்கிளில் சுமார் 90 கிலோமீட்டர் சுமந்து சென்றார். தனியார் ஆம்புலன்ஸ்காரர்கள் கேட்ட தொகை அவரிடம் இல்லை. வெளியிலிருந்து வந்த வண்டியையும் அவர்கள் உள்ளே விடவில்லை. அரசு விலகி நின்ற இடத்தைச் சந்தை நிரப்பியதன் விளைவு இது. 108 சேவையும் ஜி.வி.கே., பி.வி.ஜி., அரவிந்தோ எனக் கைமாறிக்கொண்டே வந்தது. ஆட்சி மாறினால் ஒப்பந்ததாரர் மாறுகிறார். ஓட்டுநரின் நிச்சயமற்ற வாழ்வு மட்டும் மாறுவதில்லை.

இன்று தெருவில் இறங்கியுள்ள ஒய்.எஸ்.ஆர். காங்கிரசின் யோக்கியதை என்ன? 17 கல்லூரிகளை அரசே கட்டத் தொடங்கியது உண்மை. ஆனால் 2023ல் அக்கல்லூரிகளின் இடங்களில் ஒரு பகுதியை ஆண்டுக்கு 12 லட்சம், 20 லட்சம் என விலைப்பட்டியலில் வைத்ததும் அதே ஜெகன் அரசுதான். அந்த அரசாணைகளை ரத்து செய்வோம் என்று வாக்குக் கேட்ட தெலுங்கு தேசம், கல்லூரிகளையே ஏலத்திற்குக் கொண்டுவந்துவிட்டது. ஒருவர் இடத்தை விற்றார். மற்றவர் இல்லத்தையே விற்கிறார்.

பணம் இல்லை என்பது சாக்கு. 17 கல்லூரிகளுக்கும் மதிப்பிடப்பட்ட செலவு 8,480 கோடி ரூபாய். அதைப் பல ஆண்டுகளில் பகிர்ந்து செலவிட முடியாத அரசா இது? தமிழ்நாட்டில் சுமார் 4,000 கோடி ரூபாயில், 1,450 இடங்களுடன் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டன. 2025க்குள் சுகாதாரத்திற்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கையில் எழுதிய மோடி அரசும், அதன் கூட்டாளியான நாயுடுவும் முதலில் அந்த வாக்கைக் காப்பாற்றட்டும்.

அரசு மருத்துவமனைகளில் குறைகள் உண்டு. மருந்தில்லை, மருத்துவர் இல்லை என்று மக்கள் சொல்வது பொய்யல்ல. வசதி தேடி சித்தூர் மக்கள் வேலூருக்கு வருவதும் புதிதல்ல. ஆனால் நிதியை வெட்டி, பணியிடங்களைக் காலியாக வைத்து, நோயை வளர்த்துவிட்டு, அதற்கு மருந்தென்று தனியாரைக் காட்டுவது ஆளும் வர்க்கத்தின் பழைய தந்திரம். குறைகளை எதிர்த்துப் போராடும் உரிமை மக்களுக்கு இருப்பது, மருத்துவமனை மக்களுடையதாக இருக்கும் வரைதான்.

பி.பி.பி. முடிவைத் திரும்பப் பெறு. கல்லூரிகளை அரசே கட்டி நடத்து. காலிப் பணியிடங்களை நிரந்தர நியமனத்தால் நிரப்பு. ஆந்திர இடதுசாரிகள் தனியார்மயத்திற்கு எதிராக எழுப்பும் இக்குரல் எல்லையோடு நின்றுவிடக் கூடாது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் துப்புரவும் காவலும் ஒப்பந்ததாரர் கையில். தொகுப்பூதியச் செவிலியர்கள் இன்னும் நிரந்தரம் கேட்டுப் போராடுகிறார்கள். மதனப்பள்ளிக்கு இன்று வந்த டெண்டர் நாளை வேறு ஊருக்கு வரும். வருமுன் மக்களைத் திரட்டுவதே தோழர்களின் கடமை.