மிளகாயை முடக்கும் வைரஸ்: மருந்து அடித்தும் தீராதது ஏன்?

நெகிரி செம்பிலானில் ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் தோட்டப்புற வீடுகளில் மாறாத ஒன்று, கொல்லையில் நிற்கும் மிளகாய்ச் செடி. பகாவ், கெமாஸ், தம்பின் வட்டாரங்களில் குழம்புக்காக நாலு செடி வைப்பவர்களும் உண்டு. கூடுதல் வருமானத்துக்காகப் பைகளில் வரிசையாக நடுபவர்களும் உண்டு. இரு தரப்பையும் ஒரேபோல் நோகடிப்பது இலை சுருண்டு செடி முடங்கும் நோய்.

இதில் முக்கியமானது மிளகாய் நரம்புத் தேமல் வைரஸ். மலேசிய மிளகாய்ச் செடிகளில் 1970களின் இறுதியிலேயே ஆராய்ச்சியாளர்கள் இதை விவரித்துள்ளனர். நரம்பை ஒட்டிக் கரும்பச்சைத் திட்டு விழும், இலை சிறுத்துக் கோணும், பூ உதிரும். இளஞ்செடியில் தொற்றினால் காய் அதிகம் எதிர்பார்க்க முடியாது.

செடி சுருண்டதும் பலர் ஓடுவது மருந்துக் கடைக்குத்தான். ஆனால், செடிக்குள் புகுந்த வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. அதைப் பரப்பும் அசுவினிப் பூச்சி, நோயுற்ற செடியைச் சில விநாடி குத்தினாலே வைரஸை எடுத்துக்கொள்கிறது. அடுத்த செடியில் அதே வேகத்தில் இறக்கிவிடுகிறது. மருந்து பட்டு அது சாவதற்குள் நோய் பரவிவிடும். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் இலைச்சுருட்டு வைரஸ் வேறு ரகம். அது தொற்றக் கூடுதல் நேரம் பிடிப்பதால், ஈயைக் கட்டுப்படுத்தினால் ஓரளவு பலன் உண்டு. இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேனாகவும், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேனாகவும் இருக்கலாம். அவை வைரஸே அல்ல.

இந்த வேறுபாடு தெரியாமல் வாரந்தோறும் மருந்து அடித்தால் வீணாவது காசு மட்டுமல்ல. அடித்த மறுநாளே பறித்த மிளகாய்தான் பிள்ளைகளின் தட்டுக்கும் வருகிறது. குளோர்பைரிபோஸ் மருந்தை விவசாயத்தில் பயன்படுத்த 2023 மே முதல் தடை உள்ளது. பழைய போத்தல் வீட்டில் கிடந்தால் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பலன் தருபவை எளியவை. நாற்றை நுண்வலைக்குள் வளர்ப்பது முதல் வேலை. பாத்தியில் வெள்ளி நிறப் பிளாஸ்டிக் விரித்தால், அதன் ஒளி அசுவினியை விரட்டும். தேமல் கண்ட செடியை அன்றே பிடுங்கிப் பையில் கட்டி அகற்ற வேண்டும். வறட்சியில் பூச்சி பெருகும் என்பதால், மழை குறைந்த ஜெலுபு போன்ற பகுதிகளில் கவனம் கூடுதலாகத் தேவை.

ஆனால், லயத்து வீடுகளின் கொல்லைகள் ஒன்றையொன்று ஒட்டியவை. ஒருவர் நோய்ச் செடியைப் பிடுங்க, பக்கத்து வீட்டார் "இன்னும் நாலு காய் வருமே" என்று விட்டுவைத்தால், அங்கிருந்து நோய் திரும்பி வரும். வரிசையே சேர்ந்து பிடுங்கினால்தான் தீர்வு.

கொல்லையில் நாலு செடி வைப்பவர் தம்மை விவசாயி என்று நினைப்பதில்லை. அதனால் மாவட்ட விவசாய இலாகாவின் படியும் ஏறுவதில்லை. நாட்டுக்குத் தேவையான மிளகாயில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வரும் நிலையில், கொல்லை மிளகாய் குடும்பச் செலவைக் குறைக்கும் வழி. அடுத்த மருந்துப் போத்தல் வாங்குமுன், சுருண்ட இலையோடு அந்த அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வருவது மேல்.