அனுப்பிய மெயில் எங்கே போச்சு?

'மெயில் அனுப்பிட்டேன் சார், ஸ்பேம்ல பாருங்க!' - கடை பெயரிலேயே மெயில் முகவரி வைத்திருக்கும் பலரும் சொல்லும் வசனம் இது. கஸ்டமர் ஸ்பேமைப் பார்ப்பதற்குள் ஆர்டர் வேறு கடைக்குப் போயிருக்கும்.

காரணம் பழசு. 1982-ல் வகுத்த எஸ்.எம்.டி.பி முறையில்தான் இன்றும் மெயில் போகிறது. தபால் கவரில் 'அனுப்புநர்' இடத்தில் யார் பெயரையும் எழுதலாம் இல்லையா? இதிலும் அப்படித்தான். மொட்டைக் கடுதாசி ஆசாமிகளுக்குக் கொண்டாட்டம்!

அதைத் தடுக்கவே மூன்று ஏற்பாடுகள். எந்தெந்த சர்வர்கள் உங்கள் பெயரில் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல், எஸ்.பி.எஃப். மெயிலில் வைக்கும் டிஜிட்டல் முத்திரை, டி.கே.ஐ.எம்; வழியில் யாராவது கைவைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற உத்தரவு, டிமார்க்.

ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே நாளில் 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரி முதல் மூன்றுமே கட்டாயம். மற்றவர்களுக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும்.

கடை முகவரியிலிருந்து உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு மெயில் போடுங்கள். அதைக் கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்துங்கள். 'பாஸ்' இல்லையென்றாலோ, அந்த வரியே காணோமென்றாலோ, வெப்சைட் செய்துகொடுத்தவரைப் பிடியுங்கள். மெயில் சர்வீஸ் தரும் பதிவுகளை டொமைனின் டி.என்.எஸ் பகுதியில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றும் பாஸ் ஆனபிறகு, தினம் ஒரு 'ஆஃபர்' மெயில் தட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஸ்பேம் என்று புகார் செய்பவர்கள் 0.3 சதவிகிதத்தைத் தொடக் கூடாது என்கிறது கூகுள்.