மாட்டுக்கு முதலில் உப்பு, தவிடு, தழை. பின்னரே மருந்துப் புட்டி

காலபோக அறுவடை முடிந்த வயலில் மேயும் மாடு சில வாரங்களுக்கு உடல் தேறியிருக்கும். கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணி மாதங்களிலோ வைக்கோலே அதன் முழு உணவாகின்றது. அப்போது மாடுகள் எலும்பையும் துணியையும் மண்ணையும் மெல்லுவதைக் கமக்காரர் பலரும் கண்டிருப்பர். இதனைக் கெட்ட பழக்கமென எண்ணி அடித்துத் துரத்துதல் தவறு. பெரும்பாலும் அது உணவிற் கனியுப்புக் குறைந்துள்ளதென்பதற்கு அடையாளமாகும்.

தென்னாபிரிக்காவில் சேர் ஆர்னோல்ட் தெயிலர் என்னும் மிருக வைத்திய அறிஞர் 1920ஆம் ஆண்டையடுத்து இதனை ஆராய்ந்தார். மேய்ச்சற் புல்லிற் பொசுபரசு குறைந்தமையாலேயே மாடுகள் எலும்பை நாடின என்றும், அச்சத்தைக் கொடுத்தவிடத்து அவை நன்கு வளர்ந்தன என்றும் அவர் நிறுவினார். நம் வைக்கோலிலும் பொசுபரசும் சோடியமும் மிகக் குறைவு. இக்குறை நீடித்தால் இறைச்சிக்கென வளர்க்கும் நாம்பன் நிறை கூடாது. பசு உரிய காலத்திற் சினைப்படாது. கமக்காரருக்கு இவ்விரண்டும் நேரான பண இழப்பாகும்.

“எம் முன்னோர் கனியுப்பு வாங்கியா மாடு வளர்த்தனர்?” எனச் சிலர் வினவுவர். வினா நியாயமானதே. ஆனால், அக்காலத்து மாடு காட்டோரத்திலும் குளத்தின் உட்கரையிலும் பலவகைப் புல்லையும் தழையையும் மேய்ந்தது. இன்று சிறுபோகமும் செய்யப்படுகின்ற இடங்களில் மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. மாடு தானே தேடியுண்ட சத்தை இன்று நாம் தேடிக் கொடுக்கவேண்டியுள்ளது.

அவ்வாறாயின் விலையுயர்ந்த விற்றமின் புட்டிகளை வாங்க வேண்டுமா? நலமுள்ள, வளர்ந்த மாட்டுக்கு அவை பெரும்பாலும் வேண்டியதில்லை என்பதே எமது கருத்து. ‘பி’ வகை விற்றமின்களை மாட்டின் முதலிரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே ஆக்கிக்கொள்கின்றன. விற்றமின் ‘பி 12’ ஐ ஆக்குவதற்கு அவற்றுக்குச் சிறிதளவு கோபாற்று மட்டும் வேண்டும். விற்றமின் ‘டி’ வெயிலிற் கிடைக்கின்றது. விற்றமின் ‘ஏ’ ஒன்றே கவனிக்கற்பாலது. பச்சைத் தழையின்றிப் பல மாதம் கழியுமாயின் ஈரலிலுள்ள சேமிப்புத் தீர்ந்துவிடும்; கன்றுகளுக்கு மாலைக்கண்ணும் உண்டாகலாம். அதற்கும் வேலியிலுள்ள தழையே முதல் மருந்து.

நெற்கமக்காரரின் வீட்டிலேயே நல்ல கனியுப்புணவு உண்டு. உமி கலவாத அரிசித் தவிட்டில், வைக்கோலிலுள்ளதைப் போலப் பத்து மடங்குக்கு மேற்பட்ட பொசுபரசு இருக்கின்றது. தவிட்டிற் குறைவான கல்சியத்தைச் சீமைக்கிளுவைத் தழை நிறைவு செய்யும். புரதத்தையும் அதுவே தரும். புதுத் தழையை விரும்பாத மாடு வாடிய தழையை உண்ணும். இவற்றுடன் வளர்ந்த மாடொன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 கிராம் கறியுப்புக் கொடுத்தல் போதும். செம்பு, நாகம், கோபாற்று, அயடீன் முதலியன மிகச் சிற்றளவில் வேண்டப்படுவன. அவற்றுக்கே கடையில் விற்கும் கனியுப்புக் கலவை பயன்படும். அதனைப் பொதியிற் குறித்த அளவுக்கு மேல் இடலாகாது. செம்பு மிகின் நஞ்சாகும். உப்பையும் கலவையையும் மழைபடாத தொட்டியில் வைத்து, அருகில் வேண்டிய அளவு நன்னீரும் வைத்தல் அவசியம்.

ஓர் எச்சரிக்கை. பொசுபரசு உள்ளதென்று எண்ணி எப்பாவலைக் கற்பொசுபேற்றையோ பயிருக்கிடும் வேறு உரத்தையோ மாட்டுக்குக் கொடுத்தலாகாது. கற்பொசுபேற்றிலுள்ள புளோரின் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். முன்னாளில் எலும்புத்தூள் கொடுக்கப்பட்டதாயினும், பிரித்தானியாவிற் பரவிய மாட்டு மூளைநோயின் பின்னர் அசைபோடும் பிராணிகளுக்கு அவ்வகையுணவு பல நாடுகளில் விலக்கப்பட்டது. மாடு மெலிந்தே இருப்பின் குடற்புழுவோ வேறு நோயோ உண்டா என்பதை அண்மையிலுள்ள அரச மிருக வைத்தியரிடம் காட்டி அறிந்துகொள்க.

பட்டினி கிடக்கும் மாட்டுக்குக் கனியுப்பினாற் பயனில்லை. வயிறு நிரம்ப உணவும் நீரும் முதலாவது. உப்பும் தவிடும் தழையும் இரண்டாவது. கனியுப்புக் கலவை மூன்றாவது. மருந்துப் புட்டி வைத்தியர் சொன்னால் மட்டுமே. இவ்வொழுங்கிற் செலவிடும் கமக்காரரின் பணம் வீண்போகாது. அவர் மாடும் நிறை கூடும். அதன் எரு வயலையும் தோட்டத்தையும் வளம்படுத்தும்.