காப்புறுதி அரசாங்கத்தினது, கவலை மட்டும் முதியோரதா?

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் ஆசிரியராக, இலிகிதராக, கமக்காரராக வாழ்ந்து, முதுமையிலே பிள்ளைகளை நாடி அமெரிக்க ஐக்கிய நாட்டிற் சென்று குடியேறிய பெற்றோர் நம்மிடையே பலர். இவர்களைப் பற்றி ஊரிலே ஒரு பேச்சு உண்டு. அங்கே அறுபத்தைந்து வயதானால் வைத்தியச் செலவை அரசாங்கமே பார்த்துக்கொள்ளும், மெடிக்கேயர் என்று ஒன்று இருக்கின்றது, இனி அவர்களுக்கு என்ன குறை என்பதே அப்பேச்சு. இது பாதி உண்மை. மெடிக்கேயர் அரசாங்கம் நடத்தும் காப்புறுதி என்பது மெய். அது இலவசம் என்பது மெய்யன்று. அதற்குக் கட்டுப்பணம் உண்டு. நம் பெற்றோர் போன்றோருக்கு அக்கட்டுப்பணம் மற்றையோரைவிடக் கூடுதலாகவும் உண்டு. அதனைத் தாமே நினைவு வைத்து, தவணை தவறாது கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டிய பொறுப்பும் அவர்களுடையதே. இன்று பல வீடுகளில் அப்பொறுப்பு வங்கியின் இணையவழிப் பட்டியற் கட்டணச் சேவையிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றது. ஒப்படைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று பிள்ளைகளும் இருந்துவிடுகின்றனர். கவலைக்கு இடமுண்டு என்பதை எடுத்துரைக்கவே இதனை எழுதுகின்றோம்.

முதலிலே இத்திட்டம் இயங்கும் முறையைச் சிறிது நோக்குவோம். 1965ஆம் ஆண்டு யூலை 30ஆம் நாள் சனாதிபதி ஜோன்சன் ஒப்பமிட்ட சட்டத்தினால் மெடிக்கேயர் பிறந்தது. 1966 யூலை முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தது. வைத்தியசாலையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு ஏ பகுதி; வைத்தியர் கட்டணம் முதலியவற்றுக்கு பி பகுதி. பி பகுதிக்குத் தொடக்கத்திலே மாதம் 3 டொலர் அறவிட்டனர். 2026ஆம் ஆண்டில் அதன் பொதுக் கட்டுப்பணம் 202.90 டொலர். அந்நாட்டிலே நாற்பது காலாண்டுகள், அதாவது பத்து ஆண்டுகள், உழைத்து வரி செலுத்தியவருக்கும் அவர் துணைவருக்கும் ஏ பகுதிக்குக் கட்டுப்பணமில்லை. அவர்கள் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியமும் பெறுவோராயின் பி பகுதிக் கட்டுப்பணம் அவ்வோய்வூதியத்திலேயே கழிக்கப்பட்டுவிடும். அவர்கள் பட்டியல் என ஒன்றைக் கண்ணாற் காண்பதில்லை; வங்கியைத் தேடவேண்டிய தேவையுமில்லை.

நம் பெற்றோர் நிலை வேறு. அறுபது வயதிலோ அதற்குப் பின்னரோ பிள்ளையின் அனுசரணையிற் போய்ச் சேர்ந்தவர் அங்கே பத்தாண்டு உழைத்தவரல்லர். நிரந்தர வதிவாளராக ஐந்தாண்டு தொடர்ந்து வாழ்ந்த பின்னரே அவர் இக்காப்புறுதியை விலைகொடுத்து வாங்க உரித்துடையவராகின்றார். பிள்ளை பொறியியலாளராக, வைத்தியராக இருந்து மெடிக்கேயர் வரியைச் சம்பளந்தோறும் செலுத்தியிருக்கலாம். அதில் ஒரு சதமேனும் பெற்றோர் கணக்கிற் சேராது. முப்பது காலாண்டுகளுக்குக் குறைவாக உழைத்தவர் 2026இல் ஏ பகுதிக்கு மாதம் 565 டொலரும் பி பகுதிக்கு 202.90 டொலருமாக 767.90 டொலர் கட்டவேண்டும். கணவனும் மனைவியுமாக இருவரெனின் மாதம் 1,535.80 டொலர். வேலியோரத்து மரத்தைத் தறித்து விற்றுப் பிள்ளையைப் படிப்பித்த மனிதர் இன்று அப்பிள்ளையின் சம்பளத்தில் மாதந்தோறும் இத்தொகை தமக்காகக் கழிவதைக் காண்கின்றார். அவருக்கு அது எளிதாக இராது.

ஓய்வூதியத்தைப் பிற்போட்டுவிட்டு அறுபத்தைந்து கடந்தும் தொழில் புரியும் நம் உத்தியோகத்தரும் பட்டியல் பெறுவோரிற் சிலர். அவர்களுக்குக் கையிலே பணமிருக்கின்றது, கடிதத்தை வாசிக்கும் பழக்கமும் இருக்கின்றது. ஆதலால் அவர்களை விட்டு மேலே செல்வோம்.

பட்டியல் தபாலில் வரும். பி பகுதி மட்டும் உடையோருக்கு வழமையாக மூன்று மாதங்களுக்கு ஒருமுறை. ஏ பகுதியையும் வாங்கியோருக்கு மாதந்தோறும். செலுத்தவேண்டிய கடைசி நாள் அம்மாதம் 25ஆம் நாள். முதற் பட்டியலுக்குப் பணம் சேராவிடின் இரண்டாம் பட்டியல் வரும். அதற்கும் சேராவிடின், பாக்கிப் பட்டியல் எனத் தலைப்பிட்டு மூன்றாவது வரும். அதில் குறித்த நாளும் கடந்தால் காப்புறுதி அறுந்துவிடும். அறுந்த பின்னர் நினைத்தவுடன் மீண்டும் சேர்ந்துவிட முடியாது. பொதுவாக அடுத்த சனவரி முதல் மார்ச் வரையான சேர்வுக் காலத்துக்குக் காத்திருக்கவேண்டும். பி பகுதியின்றிக் கழிந்த ஒவ்வொரு முழுப் பன்னிரண்டு மாதத்துக்கும் நூற்றுக்குப் பத்து வீதம் தண்டமும் கட்டுப்பணத்தோடு சேரும். அத்தண்டம் ஒருமுறை கட்டித் தீர்ப்பதன்று. காப்புறுதி உள்ளவரை கூடவே வருவது. இருதய நோயும் நீரிழிவும் உடைய ஒருவருக்கு இடையிலே கழியும் அந்த மாதங்கள் எத்தகையன என்பதை வாசகர் தாமே எண்ணிப் பார்க்கட்டும்.

இனி வங்கி வழிக்கு வருவோம். வீட்டிலிருந்தவாறே கணினியிலோ கைத்தொலைபேசியிலோ வங்கிக் கணக்கைத் திறந்து, மின்சாரக் கட்டணம் செலுத்துவது போல மெடிக்கேயர் கட்டுப்பணத்தையும் செலுத்தலாம். பணம் பெறுபவரின் பெயரையும் பட்டியலிலே குறித்த சென்ற் லூயிஸ் நகர முகவரியையும் வங்கிக்குக் கொடுக்கவேண்டும். கணக்கிலக்கமாகக் கொடுக்கவேண்டியது பெற்றோரின் மெடிக்கேயர் இலக்கம். அது இலக்கமும் எழுத்துமாகப் பதினொரு குறிகள் கொண்டது. அட்டையிலே இடைக்கோடுகளுடன் காணப்பட்டாலும் அவற்றை நீக்கியே எழுதவேண்டும். 2018 ஏப்ரில் தொடங்கி ஓராண்டுக்குள் பழைய அட்டைகளை நீக்கிப் புதியவை வழங்கியபோது இவ்விலக்கங்களை அமைத்தோர் ஒரு நன்மை செய்திருக்கின்றனர்: எஸ், எல், ஓ, ஐ, பி, இஸட் என்னும் ஆறு எழுத்துகளையும் முற்றாக விலக்கிவிட்டனர். ஆகவே வட்டமாகத் தோன்றுவது பூச்சியமே, ஒருபோதும் எழுத்தாகாது. கண்பார்வை மங்கிய முதியோரை எண்ணிச் செய்த காரியம்போலும் இது, பாராட்டுவோம்.

கணவனுக்கு ஓர் இலக்கம், மனைவிக்கு வேறோர் இலக்கம். இருவர் பணத்தையும் ஒன்றாகக் கூட்டி ஓர் இலக்கத்துக்கு அனுப்பினால் ஒருவருக்கு மிகையும் மற்றவருக்குப் பாக்கியும் ஏற்படும். மகனின் வங்கிக் கணக்கிலிருந்து போகும் பணத்தைத் தாயின் பெயரிற் சேர்ப்பது அந்த இலக்கம் ஒன்றே. எல்லா வங்கிகளும் இப்பணத்தை மின்வழியாக அனுப்புவதுமில்லை. சில வங்கிகள் பொத்தானை அழுத்தியவுடன் ஒரு காசோலையை அச்சிட்டுத் தபாலிலே போடுகின்றன. திரையிலே “செலுத்தப்பட்டது” என்று காண்பவர் அக்காசோலை இன்னும் தபாற் பையிற் கிடப்பதை அறியார். 24ஆம் நாள் இரவு நினைவு வந்து அனுப்பும் பழக்கமுடையோர் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும்.

ஆயினும் இவையெல்லாம் சிறு காரியங்கள். பெரிய காரியம் தொகையிலே இருக்கின்றது. மெடிக்கேயரிலே தானியங்கிக் கழிவு ஏற்பாடு ஒன்று உண்டு; ஈசி பே என்பது அதன் பெயர். அதில் அரசாங்கமே நம் கணக்கிலிருந்து, உரிய தொகையைத் தெரிந்து, வழமையாக 20ஆம் நாளில் எடுத்துக்கொள்ளும். வங்கியின் பட்டியற் கட்டணத்திலோ பணத்தை அனுப்புவோர் நாம். எவ்வளவு அனுப்புக என்று நாம் சொல்லுகின்றோமோ அவ்வளவையே வங்கி அனுப்பும்; அரசாங்கம் கேட்பது எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது. 2025இல் ஏ பகுதி 518 டொலர், பி பகுதி 185 டொலர்; கூட்டினால் 703 டொலர். அதனை மாதந்தோறும் தானாகச் செல்லும்படி அவ்வாண்டு ஒழுங்கு செய்தவர் 2026 சனவரியில் அதனை மாற்றாது விட்டிருப்பின், வங்கி 703 டொலரையே தவறாது அனுப்பியிருக்கும். ஒவ்வொரு மாதமும் 64.90 டொலர் குறைவு. பி பகுதி மட்டும் உடையவருக்கும் காலாண்டுக்கு 53.70 டொலர் குறையும். பணம் போய்க்கொண்டிருக்கின்றது என்ற நிம்மதியில் வீடு இருக்க, பாக்கி அங்கே வளர்ந்துகொண்டிருக்கும். ஒன்றும் கட்டாதவனாவது தான் கட்டவில்லை என்பதை அறிவான்!

அவ்வாறாயின் எல்லோரும் ஈசி பே ஏற்பாட்டிற் சேரலாமே என்று கேட்கலாம். சேர்வதே நன்று என்பது நம் கருத்து. ஆனால் அரசாங்கம் ஒன்று தம் வங்கிக் கணக்கினுட் கைவைப்பதென்றால் நம் பெரியவர்கள் முகஞ் சுளிக்கின்றனர். இந்நாட்டிலே அரசாங்கங்களோடு அவர்கள் பெற்ற பட்டறிவு அத்தகையது. அதற்காக அவர்களைக் குறைகூற மாட்டோம்.

ஊருக்கு வரும் காலத்தைப் பற்றியும் ஒரு சொல். கோயில் திருவிழாவுக்கும் பேரப்பிள்ளைகளின் கலியாணத்துக்கும் என வந்து நான்கைந்து மாதம் இங்கே தங்குவோர் உண்டு. இங்கே அவர்கள் பெறும் சிகிச்சைக்கு மெடிக்கேயர் பொதுவாக எதுவும் கொடாது. ஆயினும் கட்டுப்பணம் நில்லாது. இங்கிருக்கும்வரை நிறுத்திவிட்டுத் திரும்பிய பின் சேர்ந்துகொள்வோம் என்று கணக்குப் போடுவோர் மேற்கூறிய தண்டத்தை மறந்துவிடுகின்றனர். பட்டியலோ அங்கே பூட்டிய வீட்டின் கடிதப் பெட்டியிலே விழுந்து கிடக்கும்.

இந்த ஏற்பாட்டின் நீதியைப் பற்றிக் கேட்கவேண்டாமா? நிலையான ஓய்வூதியம் உடையவருக்குக் கழிவு தானே நடைபெறுகின்றது. அவர் மறந்தாலும் காப்புறுதி நிலைக்கும். ஓய்வூதியமில்லாதவர், ஆங்கிலம் குறைந்தவர், பிள்ளையின் கையை எதிர்பார்ப்பவர், இவரே தவணையை நினைவிற் கொள்ளவேண்டும். இவருக்கே காப்புறுதி அறுந்துபோகும் அச்சம். வலியவனுக்குக் குடையும் மெலியவனுக்கு மழையும் கொடுத்த கதை இது. குறைந்த வருவாயுடையோரின் பி பகுதிக் கட்டுப்பணத்தை மாநில அரசே ஏற்கும் உதவித் திட்டங்கள் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். அவற்றுக்கு விண்ணப்பிக்கவேண்டும், தகைமை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். விசாரித்துப் பாராதோர் பலர்.

வேறு வழி இல்லாமலில்லை. நம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 1990இல் சுகாதாரக் காப்புறுதிக் கட்டுப்பணத்தை ஒழித்தது. 2004இல் மீண்டும் ஒரு சுகாதார அறவீட்டைக் கொண்டுவந்தபோதும் அதனை வருமான வரியோடு சேர்த்தே அறவிட்டது. ஆண்டுக்கு 20,000 டொலருக்கு மேற்படாத வரி விதிக்கத்தக்க வருமானமுடையவர் எதுவும் செலுத்தவேண்டியதில்லை. கூடியது 900 டொலர். பிரித்தானிய கொலம்பியா மாகாணத்திலே நெடுங்காலமாக மாதாந்தப் பட்டியல் அனுப்பினர், மக்களும் வங்கி மூலம் கட்டி வந்தனர். 2020 சனவரி முதலாம் நாளோடு அதுவும் ஒழிந்தது. வருமானம் எங்கே இருக்கின்றதோ அங்கே வரியாகப் பெற்று, நோயாளியை வாசலில் வைத்துக் கணக்குக் கேளாதிருக்க ஓர் அரசினால் முடியும் என்பதற்கு இவை சான்று.

இது நமக்கும் உரிய கேள்வியே. இந்நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளிலே எத்தனையோ குறைகள். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டால் மக்கள் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. எனினும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் வாசலில் நிற்பவரிடம் சென்ற மாதக் கட்டுப்பணம் செலுத்தினீரா என்று எவரும் கேட்பதில்லை. சுகாதாரத்துக்கும் காப்புறுதி வேண்டும், மக்கள் கைத்தொலைபேசி மூலமே கட்டிவிடலாம் என்று நாளை ஒருவர் மேடையேறிச் சொல்வாராயின், அவரிடம் கமக்காரர் ஒன்று கேட்கவேண்டும். அரசாங்க உத்தியோகத்தருக்கு அக்ரஹார காப்புறுதிப் பணம் சம்பளத்திலே கழிகின்றது. மாதச் சம்பளமில்லாத நெல் விவசாயிக்கும், வெங்காயச் செய்கையாளருக்கும், கடற்றொழிலாளிக்கும் எதிலே கழிப்பீர்? 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் கமக்காரருக்கு ஏற்படுத்திய ஓய்வூதியத் திட்டத்திலும் தவணைப்பணத்தைக் கமக்காரரே கொண்டுசென்று கட்டவேண்டியிருந்தது. அறுவடை முடிந்தாற் கையிலே காசு. மற்றைய மாதங்களிலே கடன். மாதம் தவறாத கட்டுப்பணம் என்பது மாதம் தவறாத சம்பளத்தை நினைத்து வகுத்த முறை.

அமெரிக்காவிலுள்ள பிள்ளைகளுக்கு உடனடியாகச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. அடுத்த ஆண்டுக்கான தொகையை அந்நாட்டு அரசாங்கம் வழமையாக ஆண்டு முடியுமுன்னரே அறிவித்துவிடுகின்றது. அது வந்ததும் வங்கியிலே கொடுத்த கட்டளையைத் திறந்து, தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனியே திருத்தவேண்டும். வங்கி பணம் அனுப்பியதைக் காட்டும் பதிவோடு, மெடிக்கேயர் அதனைப் பெற்றுக்கொண்டதா என்பதையும் அடுத்த பட்டியலிற் பார்க்கவேண்டும். தொலைபேசியில் அழைத்து மெடிக்கேயர் இலக்கத்தைக் கேட்பவருக்கு அதனைச் சொல்லவேண்டாமெனப் பெற்றோருக்கு அறிவுறுத்தவேண்டும். ஊருக்கு அனுப்பும்போது, அவர்கள் இல்லாத மாதங்களில் அந்தக் கடிதப் பெட்டியைத் திறப்பவர் யார் என்பதைப் பயணச்சீட்டு வாங்கும் அன்றே வீட்டிலே தீர்மானித்துக்கொள்ளட்டும்.