பேஸ் கிடாருக்கும் ஒரு பேர் போடுங்கப்பா

கல்லூரி கல்ச்சுரல்ஸ் மேடையில் ஒரு பேண்ட் ஏறினால் கூட்டம் யாரைப் பார்க்கும்? முதலில் பாடுபவரை. அப்புறம் லீட் கிடார்காரரை. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சோலோ இழுத்தால் விசில் பறக்கும். டிரம்ஸ்காரருக்கும் குறைவில்லை, குச்சியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தாலே போதும். ஓரத்தில் நீளக் கழுத்துக் கிடாரோடு ஒருவர் நிற்பாரே... அவர் சும்மா ஒப்புக்கு நிற்கிறார் என்று நினைப்பவர்கள்கூட உண்டு.

இந்த அலட்சியம் பேண்ட் ஆரம்பிக்கும்போதே தொடங்கிவிடுகிறது. மூன்று பேருக்குக் கிடார் தெரியும் என்றால், அதில் சுமாராக வாசிப்பவர் கையில் பேஸ் போய்ச் சேரும். பீட்டில்ஸிலேயே 1961-ல் ஸ்டூவர்ட் சட்க்ளிஃப் விலகியபோது பேஸை எடுக்க யாருக்கும் ஆசையில்லை. கடைசியில் பால் மெக்கார்ட்னி தலையில் விழுந்தது. பிறகு அவர் அதை வைத்து என்ன செய்தார் என்பது ஊரறிந்த கதை.

அப்படி என்னதான் செய்கிறது இந்த பேஸ்? பொதுவாக நான்கு கம்பிகள். அடிக்கம்பி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. சாதாரண கிடாரின் அடிக்கம்பி 82 முறை. அதாவது ஒரு ஸ்தாயி கீழே. அங்கே இருந்துகொண்டு டிரம்ஸின் கிக் விழும் இடத்தில் தானும் விழுந்து தாளத்துக்கு ஒரு ஸ்வரம் கொடுக்கிறது. இது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, பாட்டின் மனநிலையையே அது மாற்றிவிடும் என்பது. கீபோர்டில் ஒருவர் சி, ஈ, ஜி மூன்றையும் அழுத்தி சி மேஜர் வாசிக்கிறார், பளிச்சென்று இருக்கிறது. அவர் விரலை எடுக்கவே வேண்டாம். கீழே பேஸ்காரர் சி-யை விட்டு ஏ-வுக்கு நகர்ந்தால் போதும், அதே மூன்று ஸ்வரங்கள் ஏ மைனர் செவன்த் ஆகிவிடும். வெயிலில் ஒரு மேகம் வந்த மாதிரி. கேட்பவர் என்னவோ கீபோர்டுகாரரைத்தான் பாராட்டுவார் :)

பேஸ் கிடார் இல்லாமல் பெரிய ஆளானவர்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. பிரின்ஸ் 1984-ல் 'வென் டவ்ஸ் க்ரை' பாட்டிலிருந்து பேஸையே எடுத்துவிட்டு ஹிட் கொடுத்தார். ஆனால் மற்றவர்களைப் பாருங்கள். தி டோர்ஸ் மேடையில் பேஸ் கிடார் கிடையாது. கீபோர்டு வாசித்த ரே மன்சரெக்கின் இடது கை ஒரு பியானோ பேஸில் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் இரண்டே பேர், ஒரு கிடார், ஒரு டிரம்ஸ். 2003-ல் வந்த அவர்களுடைய 'செவன் நேஷன் ஆர்மி'யில், கால்பந்து மைதானங்களில் ரசிகர்கள் கத்துகிற அந்த மெட்டு பேஸ் மாதிரியே ஒலிக்கும். கிடார் சத்தத்தைப் பெடலால் ஒரு ஸ்தாயி இறக்கி வாசித்தது அது. ஆளை வேண்டாம் என்றவர்களால் வேலையை வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

வேலை இவ்வளவு முக்கியம் என்றால் வேலை செய்தவர் பெயர் எங்கே? இங்கேதான் ஜேம்ஸ் ஜேமர்சன் கதை வருகிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், ஒரு சாதாரண வீட்டில் அமைத்த ஸ்டூடியோவில், மோடவுன் கம்பெனிக்கு அறுபதுகள் முழுக்க பேஸ் வாசித்தவர். ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ், வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றே ஒன்று. 1964-ல் வந்த 'மை கேர்ள்' பாட்டை முதல் நொடியில் தொடங்கி வைப்பது அந்த விரல்தான். பாடியவர்கள் உலகப் புகழ் பெற்றார்கள். மோடவுன் அட்டைகளில் வாத்தியக்காரர்கள் பெயர் வழக்கமாக வராது. மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில் ஜேமர்சன் பெயர் அச்சானது 1971-ல்! அடுத்த வருடம் கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டது. 1983-ல் மோடவுன் 25-ம் ஆண்டு விழாவுக்கு அவர் டிக்கெட் வாங்கிப் பின்னால் உட்கார்ந்து பார்த்தார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதே வருடம் இறந்தார், வயது 47. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது 2000-ல்.

சம்பளம்தான் கொடுத்தார்களே, பெயர் எதற்கு என்று வாதிடுபவர்கள் உண்டு. பி.காம். முதல் வருடத்திலேயே குட்வில் என்று ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சொத்து. அட்டையில் பெயர் இருந்தால் அடுத்த கம்பெனி தேடி வரும், கூலி பேசும்போது குரல் கொஞ்சம் உயரும். பெயர் இல்லையென்றால் அவர் விரல் சம்பாதித்த குட்வில் முழுதும் கம்பெனி கணக்கில் ஏறிவிடும். அன்றைய சம்பளம் இதற்கு ஈடாகவே ஆகாது.

டெட்ராய்ட்டைக் குறை சொல்லிவிட்டு நம் ஊரைச் சும்மா விட முடியாது. எண்பதுகளின் சினிமா கேசட் அட்டையில் படம், இசையமைப்பாளர், பாடியவர், எழுதியவர் என்று எல்லாம் இருக்கும். இளையராஜா பாட்டின் பேஸை வாயாலேயே 'டும் டும்' என்று பாடிக்காட்டுபவர்கள் ஏராளம். அவற்றில் பலவற்றை வாசித்தவர் சசிதரன் என்று சொல்பவர்கள் கொஞ்சம்தான். பிற்பாடு ஏ.ஆர்.ரஹ்மான் ஆல்பங்களின் அட்டையில் வாத்தியக்காரர்கள் பெயரும் வந்தது. பேஸ் வாசித்தது கீத் பீட்டர்ஸ் என்று ரசிகர்களுக்குத் தெரிந்தது அப்படித்தான். அதற்கு ஆன செலவு, அட்டையில் கூடுதலாக ஒரு வரி.