கேபிளா, டிஷ்ஷா, ஆன்டெனாவா?



கைக்குழந்தையோடு புது வீட்டுக்குக் குடிபோயிருக்கும் ஒரு சகோதரி திருவள்ளூர் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறார்: "மொட்டைமாடியில் பழைய ஆன்டெனா கம்பம் ஒன்று நிற்கிறது. அதையே உபயோகிக்கலாம், மாதப் பணம் மிச்சம் என்கிறார் மாமனார். டிஷ் போட்டுவிடலாம் என்கிறார் இவர். எதிர் வீட்டு அக்காவோ, 'கேபிள்தான் நல்லது, கூப்பிட்ட குரலுக்கு ஆள் வரும்' என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?"

மூன்று பேர் பேச்சிலும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் பொதுவாக நாம் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை சானல் வரும்?" என்பதுதான். என் அபிப்பிராயத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியவை இரண்டு. எப்போது நின்றுபோகும்? நின்றால் யார் வந்து சரிசெய்வார்? பகல் முழுக்க வீட்டில் இருக்கிறவர்கள் நாம்தானே! புயல் வருகிறது, பால் கிடைக்குமா, பள்ளிக்கூடம் உண்டா என்று தெரிய வேண்டிய நேரத்தில் திரை கறுத்துப்போனால் தவிப்பதும் நாம்தான்.

முதலில் ஆன்டெனா. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அன்றிலிருந்து பல வருஷம் அலுமினியக் குச்சிகள் வைத்த ஆன்டெனாதான் ஒரே வழி. ஒருவர் மாடியில் நின்று கம்பத்தைத் திருப்ப, இன்னொருவர் ஜன்னல் வழியாக, "தெரியுது, தெரியுது... ஐயோ, போயிடுச்சு!" என்று கத்துவது எல்லாத் தெருவிலும் கேட்கும். தெற்கே கடலோர ஊர்களில் உயரக் கம்பம் நட்டு, பூஸ்டர் வைத்து, இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்தவர்களும் உண்டு. மாதக் கட்டணமே கிடையாது. நிலையத்திலிருந்து நேராக வருவதால் நடுவில் ஆளும் கிடையாது.

ஆனால் அந்தக் காலம் முடிந்துவிட்டது. தனியார் சானல்கள் நம் நாட்டில் ஒருநாளும் ஆன்டெனாவில் வந்ததில்லை. தூர்தர்ஷனும் தன் பழைய தரைவழி ஒளிபரப்பை, எல்லைப்புறம் போன்ற சில இடங்கள் நீங்கலாக, 2022-க்குள் படிப்படியாக நிறுத்திவிட்டது. ஆகவே அந்தக் கம்பத்தால் மாமனாருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. அதில் துணிக்கொடி மட்டும் கட்டிவிடாதீர்கள்! அடியில் துருப்பிடித்த கம்பம் சாய்ந்து மின்கம்பியில் பட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லி, வேலை தெரிந்த ஆளைக் கொண்டு கழற்றிவிடச் சொல்லுங்கள்.

அடுத்தது கேபிள். 1990-களில் தெருவுக்குத் தெரு வந்தது. கேபிள்காரர் தன் கண்ட்ரோல் ரூமில் பெரிய டிஷ்களை வைத்துச் சானல்களைப் பிடித்து, கம்பி வழியாக வீடு வீடாக அனுப்புவார். இப்போது அநேகமாக நகரத்திலிருந்து ஃபைபர் கம்பி வழியாக அவரிடம் வந்து, நம் வீட்டு செட்-டாப் பாக்ஸுக்கு வருகிறது. 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குக் கொடுக்க ஆரம்பித்தது பலருக்கு நினைவிருக்கும்.

கேபிளின் பெரிய சௌகரியம், மழை பெய்தால் படம் போகாது. ஆள் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார். நீங்கள் தனியாக இருக்கும்போது முகம் தெரிந்த ஒருவர் வந்து பார்ப்பது ஒரு நிம்மதிதானே?

அசௌகரியம் என்னவென்றால், கம்பி மரத்தின் மேலும் மாடியின் மேலும் தொங்கி வருகிறது. மரம் சாய்ந்தால் தெருவுக்கே படம் இல்லை. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. கம்பி வரும் வழியில் சிக்னலைக் கூட்டிக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர் இருந்தால், அதற்கும் மின்சாரம் வேண்டும். நம் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தாலும், ஆம்ப்ளிஃபையர் இருக்கும் தெருவில் கரண்ட் போனால் நமக்குப் படம் போய்விடும். "எங்க வீட்டு டி.வி. நல்லாத்தானே ஓடுது, ஏன் சிக்னல் இல்லை?" என்று குழம்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, டிஷ். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து நேராக நம் மாடிக்கு வருகிறது. நடுவில் கம்பி இல்லை, ஆம்ப்ளிஃபையர் இல்லை. இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில், தெருவெல்லாம் இருட்டாக இருந்தாலும் படம் வரும். ஊர்க்கோடியில், கேபிள் எட்டாத தோட்டத்து வீட்டிலும் வரும்.

ஆனால் வருணபகவானுக்கும் டிஷ்ஷுக்கும் ஆகாது. அதன் அலைகளை அடைமழை உறிஞ்சிவிடும். சாதாரணத் தூறலுக்கு ஒன்றும் ஆகாது. கருமேகம் கூடி ஊற்றும்போது கொஞ்ச நேரம் நிற்கும், மழை குறைந்ததும் தானாக வரும். அதற்காக யாரையும் கூப்பிட வேண்டாம். மழை விட்டும் வரவில்லை என்றால்தான் காற்றில் டிஷ் திரும்பியிருக்கும், அல்லது கம்பியின் முனையில் தண்ணீர் இறங்கியிருக்கும்.

டிஷ் போடுமுன் திசை பாருங்கள். நம் ஊரில் அது தெற்குக்கும் கிழக்குக்கும் இடைப்பட்ட வானத்தைப் பார்க்க வேண்டும். வடக்குப் பார்த்த பால்கனி மட்டும் உள்ள அடுக்குமாடி வீட்டில் கஷ்டம். போடும்போது குட்டையாக இருந்த முருங்கை இரண்டு வருஷத்தில் வளர்ந்து மறைத்துவிடும். அப்புறம் பெட்டியைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை!

மார்ச் நடுவை ஒட்டியும், செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தை ஒட்டியும், சில நாள் பகலில் சில நிமிஷம் படம் கலங்கினால் பயப்பட வேண்டாம். அப்போது சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. கேபிள்காரரும் செயற்கைக்கோளிலிருந்துதான் எடுக்கிறார் என்பதால் கேபிளிலும் இது வரும். தானே சரியாகிவிடும்.

மாதப் பணமே வேண்டாம் என்கிற மாமனாருக்கும் ஒரு வழி இருக்கிறது. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் சேவை 2004 டிசம்பரில் தொடங்கியது. பெட்டியும் டிஷ்ஷும் ஒரு தரம் வாங்கினால் போதும், மாதக் கட்டணம் இல்லை. தமிழ்ச் சானல்கள் குறைவு. டிடி தமிழும் செய்தியும் போதும் என்கிறவர்களுக்குச் சரி.

இப்போது பணக்கணக்கு. 2019 பிப்ரவரி 1 முதல், வேண்டிய சானலுக்கு மட்டும் பணம் என்ற முறை வந்தது. அடிப்படைக் கட்டணத்துக்கு 130 ரூபாய் உச்சவரம்பு. வரி சேர்த்து 153 ரூபாய் 40 காசு. 2024-ல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். ஆகவே கேபிளோ டிஷ்ஷோ, "அடிப்படைக் கட்டணம் எவ்வளவு, சானலுக்கு எவ்வளவு, வரி எவ்வளவு?" என்று தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பார்க்காத சானல்களைக் கழித்துவிடுங்கள். மாதம் ஐம்பது ரூபாய் குறைந்தால் வருஷத்துக்கு அறுநூறு. குழந்தைக்கு இரண்டு உடுப்பு ஆயிற்றே!

வாடகை வீட்டுக்காரர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். வீடு மாறினால் என்ன? கேபிள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் வருமா? டிஷ்ஷைக் கழற்றி மாட்ட எவ்வளவு? புகார் சொன்னால் புகார் எண் கேட்டு வாங்கி, காலண்டரில் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். சும்மா இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானதை இப்போது சொல்கிறேன். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் கரையைக் கடந்தது. வடசென்னையில் என் ஓரகத்தி வீட்டில் இன்வெர்ட்டரில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, காற்றில் டிஷ் திரும்பிப் படம் போயிற்று. கொஞ்ச நேரத்தில் காற்று சட்டென்று நின்றது. "புயல் போயிடுச்சும்மா, ரெண்டு நிமிஷத்துல திருப்பிட்டு வந்துடறேன்" என்று பிள்ளை மாடிப்படி ஏறிவிட்டான். என் மாமியார்தான் அவன் கையைப் பிடித்து இழுத்தார். "போகாதேடா கண்ணா, காத்து திரும்பி வரும்." அந்தக் காலத்து மனுஷி, புயலின் கண் என்றெல்லாம் படித்ததில்லை. ஆனால் நடுவில் ஓய்ந்து, எதிர்த்திசையிலிருந்து இன்னும் வேகமாக அடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அப்படியே வந்தது. டிஷ் கைப்பிடிச்சுவரோடு பெயர்ந்து அடுத்த வீட்டுக் கூரையில் விழுந்தது. பிள்ளை அப்போது மாடியில் நின்றிருந்தால்...

ஆகவே கேபிளோ டிஷ்ஷோ எது வைத்தாலும், மழையிலோ காற்றிலோ யாரையும் மாடிக்கு ஏற விடாதீர்கள். வீட்டுக்காரர் கோபித்தாலும் சரி, கிரிக்கெட் ஓடினாலும் சரி. மேகம் கறுக்கும்போதே, இடி வருமுன், டி.வி. பிளக்கையும் பின்னால் வரும் கம்பியையும் கழற்றிவிடுங்கள். இடி இடிக்கும்போது தொட வேண்டாம். கேபிள் கம்பியிலோ டிஷ் கம்பியிலோ ஈரத்துணி உலர்த்தாதீர்கள்.

பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்றும் அவசியம் வாங்கி வையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவின் பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அங்கே கேபிளும் டிஷ்ஷும் ஒன்றுதான்.

திருவள்ளூர் சகோதரிக்கு என் யோசனை இது: இன்வெர்ட்டர் இருந்து, தென்கிழக்கு வானம் திறந்திருந்தால் டிஷ். இன்வெர்ட்டர் இல்லை, எதிர் வீட்டு அக்கா சொல்கிற கேபிள்காரர் நிஜமாகவே கூப்பிட்டால் வருகிறவர் என்றால் கேபிள். அதை அக்காவிடம் மட்டுமல்ல, தெருவில் இன்னும் இரண்டு வீட்டிலும் விசாரித்துக்கொள்ளுங்கள். மாமனாரிடம் ஃப்ரீ டிஷ் பற்றிச் சொல்லிப் பாருங்கள், மனம் குளிர்ந்துவிடுவார்.

அடுத்த இதழில், மழைக்காலத்தில் குழந்தைத் துணிகளை வாடை வராமல் உலர்த்துவது எப்படி என்று பேசுவோம்.