சுங்கம் தவிர்த்த கனவான்கள்



அரியலூர் மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல். அதனை அரைத்துச் சுட்டால் சிமெண்டு. பெரம்பலூர்ச் சாலையோரம் சிறிது நேரம் நின்று பாருங்கள், லாரி லாரியாகப் போவது அதுதான். அந்த லாரி கிளப்பும் புழுதியை மூச்சிலே வாங்குபவன், மழைக்குக் கரையும் மண்சுவரை இடித்துவிட்டு இரண்டு அறை எழுப்ப எண்ணிக் கடைக்குப் போனான். 2017 ஜூலை முதல் நாள் தொட்டு, 2025 செப்டம்பர் 21 வரை, அவன் வாங்கிய ஒவ்வொரு மூட்டைக்கும் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 28! மூட்டையின் அடக்க விலை 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரி மட்டும் 84 ரூபாய். நானூறு மூட்டை பிடிக்கும் வீடு என்றால் 33,600 ரூபாய். தன் ஊர்க் கல்லுக்குத் தானே கட்டிய கப்பம்.

அதே பட்டியலிலே, அதே 28 என்னும் வரிசையிலே, இன்னொரு பொருளும் இருந்தது. உல்லாசப் படகு! அதற்கு மேல்வரியாக நூற்றுக்கு 3, அவ்வளவே வேற்றுமை. ஏழையின் சுவரும் கனவானின் கேளிக்கைப் படகும் எட்டாண்டுக் காலம் ஒரே தராசில் நிறுக்கப்பட்டன. இப்போது சிமெண்டுக்கு 18, உல்லாசப் படகுக்கு 40 என்று திருத்தியிருக்கிறார்கள். "நீதி பிறந்துவிட்டதே, இன்னும் என்ன முறையீடு?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். 40 என்று ஏட்டிலே எழுதுவது எளிது. அதைக் கட்டுவது யார்?

கடலே இல்லாத மாவட்டத்துக்காரனுக்குப் படகைப் பற்றி என்ன கவலை என்று நகைக்காதீர்கள், தோழரே. தெற்கே ஓடும் கொள்ளிடத்தைத் தவிர நமக்குப் பெருநீர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அங்கே கட்டப்படாத வரியின் சுமை இங்கே மூட்டையின் மீது ஏறுகிறது. கவலைக்கு அது போதாதா?

வழி எப்படி என்று பாருங்கள். செல்வர் ஒருவர் அயல்நாட்டிலே பழைய உல்லாசப் படகு ஒன்றை விரும்புகிறார். தம் பெயரில் வாங்கி நம் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தால் சுங்கத்துறை கையை நீட்டும். ஆகவே படகு வருவதில்லை. படகுக்குப் பதிலாக ஒரு கம்பெனி பிறக்கிறது. ஒரு தீவிலே, ஒரு வழக்கறிஞரின் அலமாரியிலே, ஒரு கோப்புக்குள்ளே பிறக்கிறது. படகு அந்தக் கம்பெனியின் சொத்து. கம்பெனி செல்வரின் சொத்து. பின்னர் கைமாற வேண்டிய நாள் வந்தால் படகை யாரும் விற்பதில்லை, கம்பெனியின் பங்குகளை மாற்றிக்கொடுக்கிறார்கள். பதிவேட்டிலே உரிமையாளர் பெயர் மாறவில்லை. விற்பனையே நடக்கவில்லை என்கிறபோது விற்பனை வரி ஏது? பல நாடுகளில் இது சட்டத்துக்கு உட்பட்டதே! கம்பெனியோடு அதன் பழைய கடனும் வழக்கும் சேர்ந்து வரும் என்று ஆலோசகர்கள் எச்சரிப்பார்களாம். எச்சரிக்கைக்கும் கட்டணம் உண்டு.

நாடகம் எழுதுகிறவன் நான். ஒரே நடிகருக்கு இரட்டை வேடம் கொடுத்தால், இருவரும் ஒரே காட்சியில் சந்திக்காதபடி பார்த்துக்கொள்ள நாங்கள் படும் பாடு சொல்லி முடியாது. இந்தக் கனவான்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. கம்பெனி முதலாளி என்ற வேடத்தில் படகை வாடகைக்கு விடுகிறார். வாடிக்கையாளர் என்ற வேடத்தில் அதே படகை அவரே வாடகைக்கு எடுக்கிறார். இருவரும் ஒரே நாற்காலியில் அமர்ந்து ஒப்பந்தத்தில் கையொப்பம் இடுகிறார்கள்.

மத்தியதரைக் கடலில் மால்டா என்றொரு தீவு நாடு. அங்கே மதிப்புக்கூட்டு வரி நூற்றுக்கு 18. ஆனால் உல்லாசப் படகைக் குத்தகை முறையில் எடுத்தால் ஒரு சலுகை வைத்திருந்தார்கள். படகு பெரிதாக ஆக, அது ஐரோப்பியக் கடலை விட்டு வெளியிலேதான் அதிகம் உலவும் என்று ஒரு கற்பனை! 24 மீட்டருக்கு மேற்பட்ட படகென்றால் வாடகையில் நூற்றுக்கு 30 பங்குக்குத்தான் வரி. கணக்குப் போட்டால் 5.4. அளவு பெருகப் பெருக வரி சுருங்கும் அதிசயத் தராசு! 2018 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் மால்டா, சைப்ரஸ், கிரீஸ் ஆகிய மூன்று நாடுகளின் மீதும் இதற்காக நடவடிக்கை தொடங்கியது. பின்னரே மால்டா விதியை மாற்றிக்கொண்டது. ஆக, 2017ஆம் ஆண்டிலே அரியலூரில் இரண்டு அறைக்குச் சிமெண்டு வாங்கியவன் கட்டியது 28. மால்டாவிலே மாளிகை போன்ற மிதவையை வைத்திருந்தவர் கட்டியது 5.4.

தொலைதூரத்துக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். கேரளத்துச் செல்வர்கள் வரி குறைந்த புதுச்சேரியில் முகவரி காட்டி, விலையுயர்ந்த கார்களைப் பதிவு செய்த விவகாரம் 2017இல் வெடித்தது. அங்கே தேவைப்பட்டது ஒரு வாடகை முகவரி, இங்கே ஒரு வாடகைக் கம்பெனி. நம் பட்டியலிலேயும் ஒரு சந்து இருக்கிறது. உல்லாசப் படகு என்றால் 40. பயணிகளை ஏற்றும் படகு என்றால் 5. ஓடுவது ஒரே கடல், ஆனால் பெயர்ப்பலகையை மாற்றினால் 35 மிச்சம். மேலும், பயணிகளை ஏற்றவோ பிறருக்கு வாடகைக்கு விடவோ என்று காட்டிவிட்டால், கட்டிய வரியை உள்ளீட்டு வரவாகக் கழித்துக்கொள்ளவும் சட்டம் இடந்தருகிறது. வீடு கட்டியவனுக்குக் கழித்துக்கொள்ள என்ன இருக்கிறது? செங்கல் சூளைக் கடனைத் தவிர!

மறுப்புரைப்போர் அமெரிக்காவைக் காட்டுவார்கள். ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட படகுக்கு 1991இல் அங்கே நூற்றுக்கு 10 ஆடம்பர வரி வந்தது. படகு கட்டும் தொழிலாளர் வேலை இழந்தனர் என்று கூக்குரல் எழ, 1993இல் அது நீக்கப்பட்டது. மறுக்கவில்லை. ஆனால் அந்த வரி விழுந்தது புதிய படகின் முதல் விற்பனை மீது மட்டுமே. பழைய படகை வாங்கினால் அது இல்லை. ஆகவே கனவான் பழையதை நாடினார், தச்சன் உளியைக் கீழே வைத்தான். வரியைத் தூக்கிவிடு என்பதற்கு அது சான்றாகாது. வரி தொழிலாளியின் பட்டறை வாயிலில் நின்றது, அனுபவிப்பவரின் வாயிலுக்குப் போகவில்லை என்பதற்கே சான்று.

கங்கைகொண்ட சோழபுரம் நம் அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர் பெற்றான். மன்னனே மனமுவந்து தன் வருவாயை விட்டுக்கொடுத்ததால் கிடைத்த பெயர் அது. இன்றைய கனவான்களோ ஊருக்குச் சேர வேண்டிய சுங்கத்தைத் தமக்குத் தாமே தவிர்த்துக்கொள்கிறார்கள்.

நாம் கேட்பது இவைதான், தோழரே. படகைத் தவிர வேறு தொழிலற்ற கம்பெனியின் பங்கு கைமாறினால், அதைப் படகின் விற்பனையாகக் கொள்ள வேண்டும். உரிமையாளரே வாடிக்கையாளராகும் குத்தகையைச் சொந்தப் பயன்பாடு என்றே கணக்கிட வேண்டும். பயணிகள் படகு என்று 5 கட்டியவர், யாரை ஏற்றினார், எத்தனை நாள் ஏற்றினார், என்ன கட்டணம் வாங்கினார் என்று ஆண்டுதோறும் ஏடு காட்ட வேண்டும். வரும் நிதிநிலை அறிக்கைக்கு முன்பாக இந்த மூன்றையும் ஒவ்வொரு கிளையிலும் பேசுங்கள். கூட்டத்துக்கு வருகிறவர்களில் 2017க்கும் 2025க்கும் இடையில் வீடு கட்டியவர் இருந்தால், சிமெண்டுக் கடை ரசீதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மேடையிலே அதை உரக்கப் படியுங்கள்.